நூல் டென்ஷன் ஏன் நிலையாக நிற்பதில்லை? நிட்டிங் உரிமையாளர் ஒருவரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: திருப்பூரில் ஆறு சர்க்குலர் மெஷின்களை வைத்து ஜாப் ஒர்க் நிட்டிங் நடத்தி வருகிறேன். எல்லாமே 30 இன்ச் டயா, 24 கேஜ் (இன்ச்சுக்கு 24 ஊசி), 90 ஃபீடர் (ஊசிகளுக்கு நூல் ஊட்டும் இடம்) கொண்ட சிங்கிள் ஜெர்சி மெஷின்கள். 30-ஆம் நம்பர் கோம்டு நூல்தான் பெரும்பாலும் ஓடுகிறது. சில மாதங்களாக டையிங்கில் நேவி ப்ளூ போட்டு வரும் துணியில் குறுக்கே கோடுகள் தெரிவதாகப் புகார் வருகிறது. 140 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) கேட்ட ஆர்டரில் சில ரோல்கள் 152 வரை போய்விட்டன. டென்ஷன் மீட்டர் ஒன்று வாங்கிப் பார்த்தால், ஒரு ஃபீடரில் 3 கிராம், அடுத்ததில் 9 கிராம் என்று காட்டுகிறது. சில ஃபீடர்களில் எண் நிற்காமல் ஆடுகிறது. ஃபிட்டர் ஒவ்வொரு ஷிப்டிலும் ஊசியை ஏற்றி இறக்கும் கேமைத் திருகிச் சரி செய்கிறார். மறுநாள் மீண்டும் அதே கதைதான். டென்ஷனை ஒரே நிலையில் நிறுத்த என்ன வழி? எலக்ட்ரானிக் ஃபீடர் வாங்கினால்தான் தீருமா?

பதில்:

அன்புள்ள ஐயா, வணக்கம்.

நீங்கள் ஒரே கோளாறாக எழுதியிருப்பவை உண்மையில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள். இரண்டுக்கும் ஒரே மருந்தைத் தேடுவதால்தான் உங்கள் ஃபிட்டரின் உழைப்பு வீணாகிறது என்று நினைக்கிறேன். குறுக்குக் கோடு என்பது 90 ஃபீடர்களில் ஒன்றோ இரண்டோ மற்றவற்றிலிருந்து விலகி நடப்பதால் வருவது. ஜி.எஸ்.எம். ஏறுவது அப்படி வர முடியாது. நூல் நம்பர் மாறாதபோது ஜி.எஸ்.எம். லூப் லெங்த்துக்கு, அதாவது ஒரு லூப்பில் செல்லும் நூலின் நீளத்துக்கு, எதிர்விகிதத்தில் நடக்கும், 2.75 மில்லிமீட்டரில் 140 வரும் துணி 152-க்குப் போக வேண்டுமானால் லூப் லெங்த் 2.53 அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். ஒரு ஃபீடர் 5 சதவீதம் தவறினால்கூட, 90 ஃபீடர்களின் சராசரியில் அது 0.06 சதவீதத்தைத் தாண்டாது. ஆகவே ஜி.எஸ்.எம். தவறிய ரோல்களில் முழு மெஷினுக்கும் பொதுவான ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. அல்லது மெஷினுக்கு மெஷின் செட்டிங் வேறாக இருக்கிறது. அதுவும் இல்லையென்றால் டையிங்கிலும், துணியைச் சுருக்கி நிலைப்படுத்தும் காம்பாக்டிங்கிலும் துணி வேறுவிதமாக இழுபட்டிருக்கிறது. இதற்குப் பிறகு வருகிறேன். முதலில் டென்ஷன் என்பது உங்கள் மெஷினில் எங்கே பிறக்கிறது என்பதைப் பார்ப்போம்.

பழைய முறையில் ஊசியே கோனிலிருந்து நூலை இழுத்துக்கொள்ளும். ஸ்டிட்ச் கேமில் இறங்கும் ஊசிக்கு வேண்டிய நூலில் ஒரு பகுதி கோன் பக்கமிருந்து வரும். மீதியை அது தனக்கு முன்னால் சென்ற ஊசியின் லூப்பிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். வரும் நூலின் டென்ஷன் கூடினால் கோன் பக்கமிருந்து வருவது குறைந்து, பிடுங்குவது கூடும், லூப் சிறுத்துவிடும். டென்ஷன் லூப் லெங்த்தை ஆட்டிவைக்கிறது என்ற நம்பிக்கை அந்தக் காலத்து அனுபவத்திலிருந்து வந்தது, அந்தக் காலத்துக்கு அது சரியும்கூட. பின்னல் துணியின் அளவுகளையெல்லாம் தீர்மானிப்பது லூப் லெங்த்தே என்பதை இங்கிலாந்தைச் சேர்ந்த ஆய்வாளர் மண்டன் 1959-இல் அளந்து காட்டினார். லூப் லெங்த்தைக் காக்க வேண்டுமென்றால் நூலை ஊசியின் விருப்பத்துக்கு விடாமல் அளந்து கொடுக்க வேண்டும் என்பதே பாசிட்டிவ் ஃபீடரின் அடிப்படை.

உங்கள் மெஷினில் வி.டி.கியூ. புல்லி (விட்டத்தை மாற்றி நூல் நீளத்தைச் சரிசெய்யும் சக்கரம்) டேப்பை ஓட்டுகிறது, டேப் ஃபீடர் வீலைச் சுற்றுகிறது, வீல் தன்மேல் சுற்றியிருக்கும் நூலை அளந்து கீழே விடுகிறது. ஏறத்தாழ 2,260 ஊசிகள் உள்ள சிலிண்டரில் 2.75 மில்லிமீட்டர் லூப் வேண்டுமென்றால், சிலிண்டர் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு ஃபீடரும் ஏறத்தாழ 6.2 மீட்டர் நூல் கொடுக்க வேண்டும். இந்த நீளத்தை முடிவு செய்வது புல்லி. ஊசி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதை முடிவு செய்வது ஸ்டிட்ச் கேம். வீல் கொடுப்பதும் ஊசி கேட்பதும் பொருந்தினால் டென்ஷன் 3 முதல் 5 கிராமுக்குள் அமைதியாக நிற்கும். கேம் ஆழமாக இருந்தால் ஊசி கொடுத்ததைவிட அதிகம் கேட்கும். நூல் விறைத்து மீட்டர் 9 காட்டும். கேம் மேலே இருந்தால் நூல் மிஞ்சித் தளரும், சில நேரம் வீலின் மேலேயே திரும்பச் சுற்றிக்கொண்டு அறுபடும். பாசிட்டிவ் ஃபீடில் டென்ஷன் என்பது கொடுக்கும் நீளத்துக்கும் கேட்கும் நீளத்துக்கும் இடையில் எஞ்சி நிற்கும் கணக்கு. நீளத்தைப் பார்க்காமல் டென்ஷனை மட்டும் பார்த்துத் திருகுவது, வரவைப் பார்க்காமல் செலவை மட்டும் எழுதிக் கணக்கு முடிப்பது போன்றது.

எனவே மீட்டரை எடுப்பதற்கு முன் நீளத்தை எடுங்கள். உங்களிடம் யார்ன் லெங்த் மீட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால், நம் செக்கிங் ஆட்கள் செய்வதுபோல் துணியில் 100 ஊசியைக் குறித்து, அந்த நூலை உருவி, நெளிவு போகும் அளவுக்கு மட்டும் நீட்டி ஸ்கேலில் வையுங்கள், 2.75 லூப் லெங்த்துக்கு 27.5 சென்டிமீட்டர் வர வேண்டும். ஒரே கை, ஒரே அழுத்தம் என்பதில் கவனம் தேவை. இரண்டு பேர் மாறி மாறி உருவினால் அந்த வேறுபாடே நீங்கள் தேடும் வேறுபாட்டை விழுங்கிவிடும்.

நீளம் எல்லா ஃபீடர்களிலும் ஒன்றாக இருந்து, டென்ஷன் மட்டும் 3, 9 என்று மாறினால், அந்தந்த ஃபீடரின் கேமை நகர்த்தி டென்ஷனை ஓரளவில் கொண்டுவருவதே சரியான வேலை. கேமைத் திருக உரிமை உள்ள ஒரே சந்தர்ப்பம் இதுதான். மாறாக, குறிப்பிட்ட ஃபீடரில் நீளமே குறைந்தோ கூடியோ வந்தால் கேமைத் தொடவே கூடாது. அங்கே நூல் வீலில் வழுக்குகிறது, அல்லது கிளட்ச் பற்கள் சரியாகப் பிடிக்கவில்லை, அல்லது பேரிங் இறுகியிருக்கிறது, அல்லது டேப் அந்த வீலைச் சரியாகத் தழுவவில்லை. முதலில் வீலில் எத்தனை சுற்று இருக்கிறது என்று எண்ணுங்கள். 10 முதல் 15 சுற்று இருக்க வேண்டிய இடத்தில், நூல் அறுந்து அவசரமாகக் கோத்த ஆபரேட்டர் ஐந்தாறு சுற்றோடு விட்டிருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். நீளமும் ஒன்று, டென்ஷனும் ஒன்று, ஆனாலும் கோடு தெரிகிறது என்றால் குற்றம் ஃபீடரிடம் இல்லை. நூலிலோ ஊசியிலோ தேடுங்கள். அந்த ஃபீடரின் கோனையும் பக்கத்து ஃபீடரின் கோனையும் மாற்றி வைத்துப் பாருங்கள். கோடு இடம் மாறினால் கோன்தான் காரணம். வேறு லாட் கலந்திருக்கலாம், நம்பர் விலகியிருக்கலாம், பஞ்சின் மைக்ரோனேர் (இழை நுண்மையின் அளவு) வேறாக இருந்து சாயம் வேறாக ஏறியிருக்கலாம். அப்படிப்பட்ட கோட்டை உலகிலுள்ள எந்த ஃபீடராலும் தீர்க்க முடியாது.

மீட்டரைப் பிடிக்கும் முறையும் முக்கியம். வீலுக்கும் ஊசிக்கு முன்னால் உள்ள நூல் கைடுக்கும் நடுவில், எல்லா ஃபீடர்களிலும் ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் பிடிக்க வேண்டும். மெஷின் வழக்கமான வேகத்தில் ஓட வேண்டும். இன்ச்சிங்கில் (மெஷினை மெல்ல நகர்த்தும்போது) எடுத்த எண்ணுக்கும் 25 ஆர்.பி.எம்.-இல் எடுக்கும் எண்ணுக்கும் உறவு இருக்காது. எண்ணைப் பார்த்த உடனே எழுதாமல், பத்து விநாடி பார்த்து, சராசரியையும் அது ஆடும் விதத்தையும் சேர்த்து எழுதுங்கள். நீங்கள் எழுதிய “எண் நிற்காமல் ஆடுகிறது” என்ற வரியில்தான் உங்கள் கோளாறின் பெரும்பகுதி ஒளிந்திருக்கிறது. வீல் ஒரு சுற்றுச் சுற்றுவதற்கு ஒருமுறை ஏறி இறங்கினால் வீல் வளைந்திருக்கிறது அல்லது பேரிங் தேய்ந்திருக்கிறது. டேப் ஒரு முழுச் சுற்று வருவதற்கு ஒருமுறை துள்ளினால் டேப்பின் ஒட்டுப்போட்ட இடத்தைப் பாருங்கள். சிலிண்டர் சுற்றுக்கு ஒருமுறை என்றால் சிலிண்டர் மட்டத்தில் பிசகு இருக்கலாம். எந்தத் தாளமும் இல்லாமல் திடீர் திடீரென்று ஏறினால் கோளாறு வீலுக்கு முன்னால், அதாவது கோனிலிருந்து வீல் வரை உள்ள பாதையில் இருக்கிறது.

அந்தப் பாதையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவது அதுதான். நூல் ஒரு கண்ணில் (நூலை வழிநடத்தும் வளையத்தில்) வளைந்து செல்லும் ஒவ்வொரு முறையும் டென்ஷன் கூடுவதில்லை, பெருகுகிறது. கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் உள்ள வேறுபாடு இங்கே பணமாகத் தெரியும். நன்றாக மெழுகு ஏறிய பருத்தி நூலின் உராய்வுக் கெழு 0.15 அளவில் இருக்கிறது என்றும், மெழுகு சரியில்லாத நூலில் 0.30 என்றும் கொள்வோம். 90 டிகிரி வளையும் ஒரு கண்ணில் முதல் நூலின் டென்ஷன் 1.27 மடங்காகும், இரண்டாவதின் டென்ஷன் 1.6 மடங்காகும். இப்படி மூன்று கண்களைக் கடந்தால், 2 கிராமில் கிளம்பிய முதல் நூல் 4 கிராமில் வந்து சேரும். அதே 2 கிராமில் கிளம்பிய இரண்டாவது நூல் 8 கிராமைத் தாண்டியிருக்கும். ஒரே மெஷின், ஒரே செட்டிங், ஒரே ஃபிட்டர்; கோனில் ஏறிய மெழுகு மட்டும் வேறு. வீலில் போதுமான சுற்று இருந்தால் இந்த ஏற்றத்தில் பெரும்பகுதி அங்கேயே அடங்கிவிடும். சுற்று குறைவாக இருந்தால் அப்படியே ஊசிவரை போகும். வீலுக்குக் கீழேயும் ஒரு கண்ணும் ஒரு கைடும் இருக்கின்றன. மெழுகு இல்லாத நூல் அங்கே தன் கணக்கைத் தனியாகக் காட்டும்.

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு நிட்டிங் யூனிட்டில் 41-ஆம் ஃபீடர் மட்டும் இரண்டு வாரமாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தது. கேம் மாற்றினோம், ஊசி செட் மாற்றினோம், ஃபீடரையே கழற்றி வேறு ஃபீடர் போட்டோம், கோடு போகவில்லை. கடைசியில் கோன்கள் நிற்கும் தாங்கியான கிரீலிலிருந்து வரும் வழியில் இருந்த ஒரு செராமிக் கண்ணைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தபோது, உள்விளிம்பில் தலைமுடி அகலத்துக்கு ஒரு பள்ளம் இருந்தது. அதன் ஓரத்தில் பஞ்சு இழைகள் மெல்லிய தாடிபோல் தொங்கிக்கொண்டிருந்தன. அந்தத் தாடி வளரும்போது டென்ஷன் ஏறும், கனம் தாங்காமல் பிய்ந்து நூலோடு போகும்போது சட்டென்று இறங்கும். கண்ணால் பார்த்தால் சாதாரணமாகத் தெரியாது. ஒரு சிட்டிகைப் பஞ்சைத் திரியாகத் திரித்து அந்தக் கண்ணுக்குள் விட்டு எல்லாப் பக்கமும் உரசி இழுங்கள். விரிசலோ பள்ளமோ இருந்தால் இழைகள் அங்கே சிக்கி நிற்கும். சிக்கினால் அந்தக் கண்ணை மாற்றிவிட வேண்டும், தேய்த்துச் சரி செய்யப் பார்க்க வேண்டாம். டிஸ்க் டென்ஷனர்களுக்கு இடையிலும் காந்த டென்ஷனர்களின் அடியிலும் சேரும் பஞ்சும் மெழுகும் கலந்த பிசினைத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். மெஷின் ஓடும்போது ஏர் கன்னால் ஊதும் பழக்கத்தை மட்டும் நிறுத்திவிடுங்கள். ஊதிய பஞ்சு பக்கத்து மெஷினின் நூலில் ஏறி, துணியில் முடிச்சாகவும் வேற்றுநிறப் புள்ளியாகவும் வரும்.

டென்ஷன் தளர்வாக இருக்கிறது என்று இந்த டென்ஷனரை இறுக்குவது பரவலாக நடக்கும் தவறு. வீலுக்கு முன்னால் இருக்கும் டென்ஷனரின் வேலை, வீலில் சுற்று தளராமல் வரிசையாக விழும் அளவுக்கு நூலைப் பிடித்துக் கொடுப்பது மட்டுமே. ஊசி பக்கத்து டென்ஷனைச் சரிசெய்யும் கருவியாக அதைப் பயன்படுத்தினால் நூல் அறுபடுவதும் வீல் வழுக்குவதும் கூடுமே தவிர, நீங்கள் விரும்பியது நடக்காது.

கோன் நிற்கும் விதத்தையும் பாருங்கள். கோனின் நடு அச்சும் அதன் எதிரே உள்ள முதல் கண்ணும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கம்பி வளைந்து கோன் ஒருபக்கம் சாய்ந்திருந்தால், நூல் உருவப்படும்போது ஒவ்வொரு சுற்றிலும் அடிவிளிம்பில் உரசும். கோன் தீரத் தீர, விட்டம் குறைந்து உருவும் டென்ஷன் கூடுவது இயல்பு. அதனால் எல்லாக் கோன்களும் ஒரே நேரத்தில் அடிக்கு வரும்படி ஏற்றுவதைவிட, தொடர்கோன் கட்டி, அதாவது ஓடும் கோனின் கடைசி நுனியோடு அடுத்த கோனின் நூலை முடிந்து, ஓட்டுவது நல்லது. கோன் பைகளைத் தகரக் கூரைக்கு அடியில், வெயில் படும் சுவரோரம் அடுக்கியிருந்தால் உடனே மாற்றுங்கள். சித்திரை வெயிலில் அந்த இடம் கொதிக்கும்போது நூலின் மேலிருக்க வேண்டிய மெழுகு இளகி உள்ளே இறங்கிவிடும். மெழுகு அளவுக்கு மிஞ்சினாலும் உராய்வு கூடும் என்பதால், மில்லில் “மெழுகு கூட்டிப் போடுங்கள்” என்று கேட்பதும் சரியான தீர்வு அல்ல.

ஷெட்டின் காற்று ஈரப்பதம் 55 முதல் 65 சதவீதத்துக்குள் இருந்தால் பருத்தி நூல் நன்றாக ஓடும். மாசி தொடங்கிச் சித்திரை முடிய நம் பகுதி வறண்டிருக்கும். பஞ்சு பறப்பதும் நூல் முரண்டு பிடிப்பதும் அப்போது கூடும். ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று வேறொரு தொல்லை. திறந்த கிரீல் வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்தால், கிரீலுக்கும் மெஷினுக்கும் இடையில் தொங்கும் நூல்கள் ஆடி ஒன்றோடொன்று உரசும். ஒரு ஹைக்ரோமீட்டரை ஷெட்டின் நடுவில், மெஷின் உயரத்தில் மாட்டி, டென்ஷன் எடுக்கும்போதெல்லாம் அதன் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.

இனி ஜி.எஸ்.எம். விஷயம். ஆறு மெஷின்களிலும் வி.டி.கியூ. புல்லியின் உண்மையான அளவை அதன் எண்ணை நம்பாமல் நீளத்தை அளந்து சரிபாருங்கள். புல்லியின் துண்டுகளுக்கு இடையில் பஞ்சும் எண்ணெயும் இறுகிப் படிந்தால் அதன் விட்டமே மாறிவிடும், எண் 2.75-க்கு உரியதாகவே நிற்கும், நூலோ வேறு நீளத்தில் போகும். டேப் தளர்ந்தால் எல்லா ஃபீடர்களும் சேர்ந்து குறைவாகக் கொடுக்கும். கோடு எதுவும் தெரியாது, துணி பார்க்க அழகாக இருக்கும், எடை மட்டும் கூடிவிடும். உங்கள் 152 ரோல்கள் பெரும்பாலும் இந்த வகையாக இருக்கும் என்பது என் கணிப்பு. சாயமேற்றாத கிரே துணியிலேயே அந்த ரோல்களின் லூப் லெங்த் 2.75 என்று வந்தால், நிட்டிங் சரியாக இருக்கிறது என்று டையிங்கில் உறுதியாகப் பேசலாம். அளந்த எண் கையில் இருக்கும்வரை பழியை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

கோடு போடும் ஃபீடர் எது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய முறை சொல்கிறேன். கோட்டுக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளியை முதலில் அளந்துகொள்ளுங்கள். 90 கோர்ஸுக்கு (குறுக்கு லூப் வரிசைக்கு) ஒருமுறை, ஏறத்தாழ நாலரை முதல் 5 சென்டிமீட்டருக்கு ஒருமுறை வந்தால் அது ஒரே ஃபீடரின் வேலை. பிறகு ஒன்றாம் ஃபீடரில் மட்டும் 150 டெனியர் வெள்ளைப் பாலியெஸ்டர் நூலைப் போட்டு அரை மீட்டர் பின்னுங்கள். அந்தத் துண்டை நேவி ப்ளூ ரியாக்டிவ் சாயத்தில் சாம்பிளாகப் போடச் சொல்லுங்கள். ரியாக்டிவ் சாயம் பருத்தியைப் பிடிக்கும், பாலியெஸ்டரைப் பிடிக்காது. கருநீலத் துணியில் ஒன்றாம் ஃபீடர் ஒவ்வொரு சுற்றிலும் வெள்ளைக் கோடாக நிற்கும். ஒன்றாம் ஃபீடரைத் தாண்டிய ஊசி அடுத்துச் சந்திக்கும் ஃபீடரை இரண்டு என்று கொண்டு, லென்ஸ் வைத்து வெள்ளைக் கோட்டிலிருந்து கெட்ட கோடுவரை கோர்ஸ்களை எண்ணினால், எந்த ஃபீடர் என்பது எண்ணாகவே கிடைத்துவிடும். கிரே துணியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு தேடும் நேரம் முழுவதும் மிஞ்சும்.

எலக்ட்ரானிக் ஃபீடர் வாங்கலாமா என்ற கேள்விக்கு, உங்கள் இன்றைய வேலைக்கு வேண்டாம் என்பதே என் தெளிவான கருத்து. ஒவ்வொரு ஃபீடரும் சுற்றுக்குச் சுற்று ஒரே நீளம் கேட்கும் சாதா ஜெர்சிக்கு, நன்றாகப் பராமரித்த டேப் ஃபீடரைவிட நம்பகமானது இல்லை. ஜக்கார்டிலும் ஆட்டோ ஸ்ட்ரைப்பரிலும் டிசைனைப் பொறுத்து நூலின் தேவை சுற்றுக்குச் சுற்று மாறும். அங்கே அளந்த நீளம் உதவாது, மாறாத டென்ஷனில் கேட்டதைக் கொடுக்கும் ஃபீடர்கள்தான் வேண்டும். அந்த ஆர்டர்கள் உங்களிடம் நிலையாக வரத் தொடங்கும்போது முதலீட்டைப் பற்றி யோசிக்கலாம். லைக்ரா ஓட்டத் தொடங்கினால் அதற்கான தனி உருளை ஃபீடரின் நீளத்தையும் இதே முறையில் தனியாக அளந்து எழுத வேண்டும்.

ஃபிட்டரைக் கடிந்துகொள்ள வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். நீளம் பார்க்கும் கருவியைக் கொடுக்காமல் டென்ஷன் மீட்டரை மட்டும் கையில் கொடுத்தால் எவரும் கேமைத்தான் திருகுவார். அடுத்த வார விடுமுறையில் ஒரே ஒரு மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். கிரீல் முதல் வீல்வரை துடைத்து, கண்களைப் பஞ்சுத் திரியால் சோதித்து, டேப்பையும் புல்லியையும் சுத்தம் செய்து, எல்லா வீல்களிலும் 12 சுற்று என்று ஒரே எண்ணிக்கையில் கோத்து, நீளத்தைப் புல்லியில் சரிசெய்த பிறகு, முதல் முறையாகக் கேமுக்கு வாருங்கள். 90 ஃபீடர்களின் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி, அன்று முதல் மெஷின் மேலேயே தொங்கவிடுங்கள். கேமைத் தொடுபவர் எந்த ஃபீடரில், எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு என்று எழுதிவிட்டே தொட வேண்டும். ஒரு வாரம் கழித்து அந்த நோட்டையும், பாலியெஸ்டர் கோடு போட்ட சாயத் துண்டையும் வைத்துக்கொண்டு மீண்டும் எழுதுங்கள்; மற்ற ஐந்து மெஷின்களில் எதிலிருந்து தொடங்குவது என்பதை அந்த எண்களைப் பார்த்துச் சொல்கிறேன்.